எண்ணெய்க் காசு

சம்பந்தியம்மா நல்ல மனதோடுதான் கேட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சம்பந்தி, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. உங்களுக்கும் பாப்பாவோட மாமாவுக்கும் டிக்கெட் நாங்களே போட்டுடறோம். பையன் நேத்தே பாத்து வெச்சுட்டான். நேரா வர்ற விமானம். ஏறி உக்காந்தீங்கன்னா எறங்கறது இங்கதான்."

கைபேசித் திரைக்குள் மூன்று முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நடுவில் சம்பந்தியம்மா, ஒரு பக்கம் அவர் மகன், மறு பக்கம் பாப்பா. பாய்லர்காரர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோஷங்க. ஆனா அது சரிப்படாது. பொண்ணப் பெத்தவன் பையன் வீட்டு டிக்கெட்டுல வந்து எறங்கினான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. எங்க வீட்டுல அப்படி நடந்ததில்ல."

"அட, இங்க யாருங்க பேசப் போறாங்க? நாங்க நாலு பேரு, நீங்க ரெண்டு பேரு."

"நாலு பேரும் பேசாம இருக்கலாம். எனக்குத் தெரியுமில்ல." இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். சொன்னது கடுமையாகப் பட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான். "எங்கிட்ட விமானக் கம்பெனி பாயிண்ட் ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் கெடக்கு. நானும் மச்சினனும் போக வர அது தாராளம். காலணா செலவில்ல. நீங்க ஒரு வேளை சாப்பாடு போடுங்க, போதும்."

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவள் அம்மாவைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாய்லர்காரர் என்பது அவருக்கு வேலை கொடுத்த பெயர். சட்டென்று கொதித்துவிடுவார் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. முப்பத்து நான்கு வருஷம் அவர் தொழிற்சாலைகளில் பாய்லர்களைச் சோதித்துச் சான்று கொடுத்தார். பாய்லரை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, மூடியைக் கழற்றினால் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே டார்ச்சையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து போக வேண்டும். தகட்டைத் தட்டித் தட்டி, வரும் ஓசையை வைத்து எங்கே அரித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மனது திருப்தியானால் கையெழுத்து. இல்லையென்றால் முதலாளி தலைகீழாக நின்றாலும் கிடையாது. அவர் கையெழுத்துப் போட்ட பாய்லர் ஒன்றுகூட வெடித்ததில்லை.

அவருடைய கம்பெனி விற்ற பாய்லர்கள் பல நாடுகளில் இருந்தன. ஆகவே பாதி வருஷம் ஆகாயத்தில்தான் போயிற்று. ஒவ்வொரு பயணத்துக்கும் விமானக் கம்பெனி அவர் கணக்கில் பாயிண்ட் போட்டது. ஒன்றைக்கூட அவர் செலவழிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பறப்பது நின்றது. வருஷத்துக்கு ஒரு முறையாவது கணக்கைத் தொடாவிட்டால் எல்லாப் பாயிண்டும் காலாவதியாகிவிடும் என்றார்கள். அதனால் வருஷம் தவறாமல் அந்தக் கம்பெனியின் கடையில் ஆகக் குறைந்த விலையில் எது இருக்கிறதோ அதை வாங்கினார். அது எப்போதும் கழுத்துக்கு வைத்துக்கொள்ளும் தலையணையாகவே இருந்தது. அலமாரியில் ஆறு தலையணைகள், உறை பிரிக்காமல்.

நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி இறந்து ஆறு வருஷம். பாப்பா படிக்கப் போன நாட்டிலேயே வேலை தேடிக்கொண்டாள். கையில் வந்த ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி அவள் படிப்புக்குப் போனது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. மீதி மாதாமாதம் ஓய்வூதியமாக வருகிறது, மாதாமாதம் போகிறது. காலையில் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். பகலில் சமைத்ததையே இரவுக்கும் சூடு பண்ணிக்கொள்வார். சில நாள் மாலையில் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும்போது, காலையிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ஞாபகம் வரும்.

பாப்பா பிறந்தபோது அவர் ஒரு சர்க்கரை ஆலையில் இருந்தார். அவள் கை முறிந்தபோது ஒரு காகித ஆலையில். பள்ளியில் பரிசு வாங்கியது, முதல் முறை கல்லூரிக்குப் போனது எல்லாமே அவருக்குத் தொலைபேசியில் கேட்ட செய்திகள். அங்கெல்லாம் அவருக்குப் பதிலாக நின்றவன் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரிலேயே பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் போவான். அவளுக்கு அவன் 'எல்-போர்டு மாமா'.

இப்போது அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. இன்னும் ஐந்து வாரம். அவள் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். பாய்லர்காரருக்கு வேண்டியது அது ஒன்றுதான். இதையும் தொலைபேசியில் கேட்கும் செய்தியாக்கிவிடக் கூடாது.

அடுத்த நாள் காலை மச்சினனையும் வரவழைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நல்ல காரியம், இரண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாம் என்ற எண்ணம். நேர் விமானம், இரண்டு இருக்கை, போக வர. ஆளுக்கு எண்பதாயிரம் பாயிண்ட். கணக்கில் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் இருந்தது.

"சரியா இருக்கு," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த பக்கத்தில், பாயிண்டுக்குக் கீழே, பணமாகக் கட்ட வேண்டியது என்று ஒரு தொகை நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொகை மாறவில்லை. ஒருவருக்கு நான்கு மாத ஓய்வூதியம். இருவருக்கு எட்டு.

"என்ன அத்தான் அது?"

"எரிபொருள் கூடுதல் கட்டணமாம்."

"அப்படின்னா?"

"எண்ணெய்க்குத் தனியா காசு."

மச்சினன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "டிக்கெட் சும்மா, எண்ணெய்க்குக் காசா? எங்கிட்ட கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்ககிட்ட நானும் இப்படிச் சொல்லலாம் போலிருக்கே. 'பாடம் இலவசம், பெட்ரோல் மட்டும் குடுங்க. பெட்ரோல் என்ன வெலன்னு கேட்டா, பாடத்தோட வெல.' சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!"

"சும்மா இரு. ஏதோ தப்பா அழுத்திட்டேன்."

மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று முறையும் அதே தொகை. மச்சினனுக்குப் பாடம் எடுக்க நேரமாயிற்று. கிளம்பிப் போனான்.

வீடு அமைதியானதும் அவர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். நாற்பத்தேழு நிமிஷம் ஒரே இசை. கைபேசியை மேசையில் வைத்து, முகச்சவரம் செய்து முடித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு ஒரு பெண் வந்தாள். வணக்கம் சொல்லி, அவர் தங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றாள்.

"குடும்பத்துல ஒருத்தன்கிட்ட எண்ணெய்க்குக் காசு கேப்பாங்களாம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததைச் சொன்னாள். பாயிண்ட் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். வரிகளும் கூடுதல் கட்டணங்களும் பணமாகத்தான் கட்ட வேண்டும்.

"அம்மா, நான் முப்பத்து நாலு வருஷம் பாய்லர் பாத்தவன். எரிபொருள் இல்லாம பாய்லர் கெடையாது. பாய்லர் வித்துட்டு 'நெருப்பு மட்டும் தனி'ன்னு சொன்னா ஒருத்தன் வாங்குவானா? நான் ஏறினாலும் ஏறலேன்னாலும் உங்க விமானம் அந்த எண்ணெயக் குடிக்கத்தானே போகுது?"

"கரெக்ட் சார்."

"போன மாசம் எண்ணெய் வெல எறங்கிச்சே. பேப்பர்ல போட்டிருந்தான். அப்ப இது எறங்கிச்சா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், உண்மையச் சொன்னா, எண்ணெய் வெலைக்கும் இதுக்கும் ரொம்பச் சம்பந்தம் இல்ல. பேருதான் அப்படி."

அந்த நேர்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று. குரலைத் தணித்துக்கொண்டார். அவள் தானாகவே வேறு வழிகளைத் தேட ஆரம்பித்தாள். கூட்டுக் கம்பெனி ஒன்றின் விமானங்களில் இந்தக் கட்டணம் கிடையாதாம். ஆனால் மூன்று இடத்தில் இறங்கி மாற வேண்டும். புதன்கிழமை காலை கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் போய்ச் சேரும். ஒரே ஓர் இருக்கைதான் இருக்கிறது. தொண்ணூறாயிரம் பாயிண்ட். திரும்பி வருவதும் அதே சுற்றுவழிதான்.

"பழைய பாயிண்ட்தான் சார் மொதல்ல கழியும். உங்களுக்கு முப்பது வருஷத்துக் கணக்கே இருக்கு. நான் பாத்ததுலயே இதுதான் பெருசு."

"அப்படியா," என்றார். அவள் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை. ஆனாலும் ஜன்னலோர இருக்கை உண்டா, சாப்பாடு எப்படி என்று ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். நாளை மதியம் வரை அந்த இருக்கையைப் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லி அவள் போனாள்.

கணக்கைத் திறந்து பழைய பயணங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே வந்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியில் கை நின்றது. ஒரே பயணத்துக்கு ஒன்பதாயிரம் பாயிண்ட். வேறு எந்தப் பயணத்துக்கும் அவ்வளவு போட்டதில்லை. அவர் ஒரு சாய ஆலையின் பாய்லருக்குள் படுத்துத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து காலை இழுத்தார்கள். மனைவி போய்விட்டாள் என்று செய்தி. கடைசி நேரத்தில் வாங்கிய முழு விலை டிக்கெட் என்பதால் அதற்கு மும்மடங்கு பாயிண்ட். அப்போது அதை அவர் கவனிக்கவில்லை. இப்போதும் அதிக நேரம் பார்க்காமல் கம்ப்யூட்டரை அணைத்தார்.

வங்கியில் இருந்ததைப் பார்த்தார். ஒருவருடைய எண்ணெய்க் காசைக் கட்டலாம். கட்டினால் மீதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. இரண்டு பேருக்குக் கட்ட வழியே இல்லை.

மாலை மச்சினனைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நீ நேர் விமானத்துல போற. நான் சுத்திக்கிட்டு வர்றேன்."

"என்ன அத்தான் இது வேடிக்கை? பொண்ணுக்கு அப்பா நீங்க. நீங்க நேரா போங்க. நான் சுத்திக்கிட்டு வர்றேன்."

"நீயா? மூணு ஊர்ல எறங்கி மாறணும். ஊருக்கு ஊரு பாஷ வேற. ரெண்டாவது ஊர்லயே காணாமப் போயிடுவ. அப்புறம் உன்னத் தேடறதுக்கு எனக்கு இன்னொரு எண்ணெய்க் காசு."

"அப்ப நான் வரல. வீடியோவுல பாத்துக்கறேன்."

"தாய்மாமன் வர்றான்னு சம்பந்தியம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். கூப்பிட்டது நான். வரச் சொன்ன ஆள வசதியா அனுப்பறது என் கடமை. இதுல ஒனக்குப் பேச்சு கெடையாது."

மச்சினன் கொஞ்ச நேரம் கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "பாப்பாகிட்ட ஒரு வார்த்த சொன்னா அவளே..." என்று ஆரம்பித்தான்.

"சொன்னேன்னா அதோட இந்த வாசப்படி மிதிக்காத."

அந்தக் குரலுக்கு மேல் பேசக் கூடாது என்பது மச்சினனுக்குத் தெரியும். "சரி அத்தான். ஆனா விமானத்துல என் காலுக்குக் கீழ பிரேக் இருக்காதே, அத நெனச்சாத்தான் பயமா இருக்கு," என்றான்.

புதன்கிழமை காலை பாய்லர்காரர் கிளம்பினார். சாயங்காலம் மச்சினன் கிளம்பினான். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தும்விட்டான். சம்பந்தியம்மாவும் பாப்பாவும் வந்து அழைத்துப் போனதாகவும், தன் காலில் இன்னும் நடுக்கம் நிற்கவில்லை என்றும் செய்தி அனுப்பியிருந்தான். பாய்லர்காரர் அதை இரண்டாவது ஊரின் விமான நிலையத்தில், கை கழுவும் தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்து படித்தார்.

பயணம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் கம்பெனி அனுப்பியபோதெல்லாம் இறங்கும் இடத்தில் பெயர்ப் பலகையோடு ஓர் ஆள் நிற்பான். இந்தப் பயணத்தில் யாரும் எதற்கும் நிற்கவில்லை. முதல் ஊரில் ஆறு மணி நேரம், இரண்டாவது ஊரில் ஒன்பது. ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி வாசனைக் கடை. பக்கத்து நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தார்கள். ஒரு குழந்தை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தாத்தா இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போயிற்று. எழுபத்தொரு வயது முதுகு வலித்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதில் ஒரு சௌகரியமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாவது ஊரில் கடைசி விமானம் ஏற வேண்டும். ஐந்து மணி நாற்பது நிமிஷப் பயணம். அங்கே கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதால், இறங்கும்போது காலை ஏழு நாற்பதுதான் இருக்கும். பதினொரு மணிக்கு எவ்வளவோ நேரம். ஏறும் வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, பெட்டியிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மடிப்பு கலையாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஏழு மணியாகியும் கூப்பிடவில்லை. ஏழரைக்கு, இறக்கையில் ஓர் அழுத்தமானி தவறாகக் காட்டுகிறது, பொறியாளர் பார்க்கிறார் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் கொந்தளித்தார்கள். அவர் ஊர்ப் பேச்சு பேசும் ஒரு கனத்த ஆள், "அந்த ஆளு ஒரு கையெழுத்துப் போட்டா பறந்துரும். வேணும்னே இழுக்கறான்," என்று கத்தினார்.

"அவர் கையெழுத்துப் போடாததாலதான் நீங்க இங்க நின்னு கத்திக்கிட்டிருக்கீங்க," என்றார் பாய்லர்காரர். "போட்டிருந்தா எங்க கெடப்பீங்களோ."

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

எட்டு மணிக்கு விமானத்தை ரத்து செய்தார்கள். வரிசையில் நின்று மேசைக்குப் போனார். பாயிண்டில் வாங்கிய டிக்கெட்டுகளுக்கு அதே கம்பெனியில்தான் மாற்று தர முடியும், அது நாளைக் காலை ஏழு மணிக்கு என்றாள் அங்கிருந்த பெண். ஒன்பதேகாலுக்கு வேறொரு கம்பெனியின் விமானம் இருக்கிறது. அங்கே பத்து மணிக்கு முன்பே போய்ச் சேரும். ஆனால் அதற்கு முழு விலை டிக்கெட் வாங்க வேண்டும். தொகையை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் வங்கியில் இருந்ததற்கு அது ஐந்து மடங்கு.

மச்சினனை அழைத்தார். அங்கே இன்னும் விடியவில்லை. ஆனாலும் கல்யாண வீடு, விளக்கெல்லாம் எரிந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி சம்பந்தியம்மா கைக்குப் போய்விட்டது.

"சம்பந்தி, எந்தக் கம்பெனி? எத்தன மணிக்கு? ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே போட்டுடறேன். பையன் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கான்."

பாய்லர்காரர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். அவர் ஏற வேண்டிய விமானத்தின் இறக்கைக்குக் கீழே ஏணி போட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை. தொண்டைவரை வந்த வார்த்தைதான் அது. சொன்னால் பாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கலாம். ஆனால் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னதை, முடியாமல் போனதும் கைநீட்டி வாங்கிக்கொண்டவராக நிற்க வேண்டும். ஒரு பெண் வாழப்போகும் வீட்டில் அவளுடைய அப்பனைப் பற்றிய முதல் நினைவு அதுவாக இருக்கும்.

"வேண்டாங்க," என்றார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க மனசு எனக்குத் தெரியும். நான் நாளைக்கு வந்துடறேன். காரியம் குறிச்ச நேரத்துல நடக்கட்டும்."

"சம்பந்தி..."

"நடக்கட்டும்மா."

ஒன்பதேகால் விமானம் புறப்பட்டுப் போவதை அவர் பார்த்தார். தான் செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தார். அது அவருக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

மேசைப் பெண் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, மூன்று வேளைச் சாப்பாட்டுச் சீட்டும் ஒரு படிவமும் கொடுத்தாள். சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கணக்கில் ஐயாயிரம் பாயிண்ட் சேர்க்கிறோம், இங்கே கையெழுத்து.

"இதுக்கும் எண்ணெய்க் காசு உண்டாம்மா?" என்று அவர் தன் பாஷையிலேயே கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. பணிவாகச் சிரித்தாள். அவர் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குள் போக அவரிடம் அனுமதி இல்லை. பகல் முழுக்க அந்த நீண்ட கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். சாப்பாட்டுச் சீட்டுக்கு என்ன தருவார்கள் என்று கேட்க மனமில்லாமல் தண்ணீர் மட்டும் குடித்தார். மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போய் இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலை சீவிக்கொண்டார். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

நான்கு மணிக்கு, அங்கே பதினொன்றுக்கு, கைபேசி அடித்தது. மச்சினன்.

"அத்தான், பதிவு ஆபீசர் பெரிய புத்தகத்தத் திறந்துட்டாரு. பொண்ணு பக்கத்துச் சாட்சி யாருங்கறாரு. உங்க பேரத்தான் எழுதிக் குடுத்திருந்தோம். இப்ப என்னப் போடச் சொல்றாங்க. நான் போட மாட்டேன்."

"ஏன்?"

"அது உங்க எடம். அடுத்த நேரம் மூணு வாரம் கழிச்சுத்தானாம். தள்ளிப் போடலாங்கறா பாப்பா."

பின்னால் பாப்பாவின் குரல் கேட்டது. அழுகிறாளா, யாரிடமாவது வாதாடுகிறாளா என்று தெரியவில்லை. மூன்று வாரம். அவருடைய திரும்பும் டிக்கெட் பத்தாவது நாள். அது இல்லாவிட்டாலும், தன்னால் ஒரு நல்ல காரியம் நின்றது என்று அவர் இருக்க முடியாது.

"மாப்ளே, நான் சொல்றதக் கேளு. அவ மொத நாள் பள்ளிக்கூடம் போனப்ப ரிஜிஸ்தர்ல யாரு கையெழுத்துப் போட்டா?"

"அது... நீங்க ஊர்ல இல்ல, நான்தான்."

"கை முறிஞ்சப்ப ஆஸ்பத்திரியில?"

"அதுவும் நான்தான்."

"அவ அம்மாவ..." என்று ஆரம்பித்து, அவர் நிறுத்தினார். "எல்லாத்துக்கும் நீதானே போட்ட. அந்த எடம் உன்னுதுதான். நல்லாப் பாத்துப் போடு. பேர முழுசா எழுது, கிறுக்காத."

கைபேசியை எங்கோ வைத்துவிட்டார்கள் போலிருந்தது. நாற்காலி நகரும் சத்தம். ஆபீசர் எதையோ படித்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. பேனாவின் சத்தம் தொலைபேசியில் வராது என்று தெரிந்தும் அவர் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்துக் கைதட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் கிழவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தங்கள் கைபேசிகளுக்குத் திரும்பினார்கள்.

"அப்பா." பாப்பாதான். "முடிஞ்சிடுச்சுப்பா."

"நல்லா இரும்மா. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

"நாளைக்கு எத்தன மணிக்கு வர்றீங்க?"

"காலைல ஏழு நாப்பது."

"சரிப்பா. டாக்ஸி எந்த வாசல்ல நிக்கும்னு மாமாகிட்டச் சொல்லி எழுதி அனுப்பச் சொல்றேன்."

நான் வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். எதுக்கு வீண் அலைச்சல், எனக்குத் தெரியாதா வர்றதுக்கு, வீட்டுலயே இரு. அத்தனை பயணத்திலும் அவர் ஒரு முறைகூட வீட்டாரை விமான நிலையத்துக்கு வரச் சொன்னதில்லை. அது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா. இருங்க, ஒரே சத்தமா இருக்கு." அவள் மற்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இருங்களேன், அப்பா பேசறாரு," என்றாள். அங்கே எல்லாச் சத்தமும் நின்றது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, மச்சினன், பெயர் தெரியாத ஆபீசர் உட்பட எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பாய்லர்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டாக்ஸி வேணாம்மா. நீ வந்து என்னக் கூட்டிட்டுப் போ."

தூரத்தில் மச்சினனின் குரல், "யாரு, நம்ம அத்தானா பேசறது?" என்று கேட்டது. யாரோ அவனை அடக்கினார்கள்.

"வர்றேம்ப்பா," என்றாள் பாப்பா. "ஆறு மணிக்கே வந்து நிப்பேன்."

"ஏழு போதும்," என்றார் அவர்.

இணைப்பைத் துண்டித்த பிறகும் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். மணி நான்கு இருபது. அடுத்த விமானத்துக்கு இன்னும் பதினான்கு மணி நாற்பது நிமிஷம் இருந்தது. சட்டை கசங்காதபடி, முதுகைச் சாய்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.